அலைபேசி அணைந்தால் அமைப்பு அணையலாமா?

2019 டிசம்பர் 19. குடியுரிமைத் திருத்தச் சட்டத்திற்கு எதிராக நாடு தழுவிய கண்டன நாளைக் கடைப்பிடிக்குமாறு இடதுசாரிக் கட்சிகள் அறைகூவல் விடுத்திருந்தன. தலைநகர் தில்லியின் மண்டி ஹவுஸ் பகுதியில் மக்கள் திரளத் தொடங்கிய காலை வேளையில் அவர்களுடைய அலைபேசிகள் ஊமையாயின. காவல்துறையின் ஒரு கடிதம் போதுமானதாக இருந்தது. நகரின் பல பகுதிகளில் காலை 9 மணி முதல் பகல் 1 மணி வரை பேச்சு, குறுஞ்செய்தி, இணையம் ஆகிய மூன்றையும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நிறுத்தின. சீத்தாராம் யெச்சூரி, து.ராஜா, பிருந்தா காரத் உள்ளிட்ட தலைவர்கள் கைது செய்யப்பட்டு வாகனங்களில் ஏற்றப்பட்ட செய்தியை அடுத்த தெருவில் நின்ற தோழருக்குக் கூடச் சொல்ல வழியில்லை.

இது தொலைதூர எல்லைப்புறத்தில் நடந்ததல்ல. நாட்டின் தலைநகரில், நாடாளுமன்றத்திற்கு வெகு அருகே நடந்தது. யார் எப்போது யாருடன் பேசலாம் என்பதைத் தீர்மானிக்கும் விசை யாருடைய கையில் இருக்கிறது என்ற கேள்விக்கு அந்த நான்கு மணி நேரம் ஐயத்திற்கு இடமின்றி விடையளித்தது.

அந்நாட்களில்தான், கோபுரமும் இணையமும் இன்றி அலைபேசிக்கு அலைபேசி நேரடியாகச் செய்தி கடத்தும் 'பிரிட்ஜ்ஃபை' போன்ற செயலிகளை இந்தியாவில் பலர் தேடித் தரவிறக்கம் செய்தனர். அதன்பின் இத்தகைய வலைப்பின்னல்கள் குறித்து மூன்று குரல்கள் கேட்கின்றன. அவை பயங்கரவாதிகளின் கருவி என்கிறது ஒன்றிய அரசு. மக்களை விடுவிக்கும் மந்திரக்கோல் என்கின்றனர் தொழில்நுட்ப முதலாளிகள். வெளிப்படையாக இயங்கும் கட்சிக்கு மறைவான வலைப்பின்னல் எதற்கு என்று தோழர்கள் சிலரும் கேட்கின்றனர். மூன்றும் தவறானவை. மூன்றையும் ஒவ்வொன்றாகப் பரிசீலிப்பது அவசியம்.

கோபுரம் இல்லாத வலைப்பின்னல்

முதலில், இது எவ்வாறு இயங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரே அறையில் அமர்ந்திருக்கும் இருவர் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டாலும், அந்தச் செய்தி முதலில் அலைபேசிக் கோபுரத்திற்குச் செல்கிறது. அங்கிருந்து தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கட்டமைப்பு வழியாக அமெரிக்க நிறுவனமொன்றின் சர்வருக்குச் செல்கிறது. பிறகே அடுத்த நாற்காலிக்குத் திரும்பி வருகிறது. இந்த நீண்ட பாதையில் எந்த இடத்தில் அடைத்தாலும் பேச்சு நின்றுவிடும். எந்த இடத்தில் காது வைத்தாலும் யார் யாருடன், எப்போது, எத்தனை முறை பேசினர் என்ற பட்டியல் கிடைத்துவிடும். செய்தியின் உள்ளடக்கம் பூட்டப்பட்டிருந்தாலும் இந்தப் பட்டியல் பூட்டப்படுவதில்லை.

ஆனால் ஒவ்வொரு அலைபேசிக்குள்ளும் புளூடூத், வைஃபை என்ற இரு சிறு வானொலிக் கருவிகள் இருக்கின்றன. கோபுரத்தின் தயவின்றி, சில பத்து மீட்டர் தொலைவில் உள்ள மற்றொரு அலைபேசியுடன் அவை நேரடியாகப் பேச வல்லவை. முதல் அலைபேசி இரண்டாவதற்கும், இரண்டாவது மூன்றாவதற்கும் என்று கைமாற்றிக்கொண்டே சென்றால் செய்தி ஒரு பேரணியின் தலையிலிருந்து வால் வரை சென்றுவிடும். இடையில் யாரும் இல்லையெனில் செய்தியைச் சுமந்திருக்கும் அலைபேசி அடுத்ததைச் சந்திக்கும் வரை காத்திருக்கும். தீப்பந்தத்தைக் கைமாற்றி எடுத்துச் செல்வதைப் போன்றதே இது. சுமந்து செல்பவர் செய்தியைப் படிக்க இயலாதபடி அது குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். சிம் அட்டை தேவையில்லை. தொலைபேசி எண் தேவையில்லை. நடுவில் சர்வர் இல்லை. ஆகவே 'நிறுத்து' என்று ஆணையிடுவதற்கு ஒரு நிறுவனமும் இல்லை.

இந்த வானொலிகள் பெரும்பாலும் இயங்குவது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். அது எந்தக் கார்ப்பரேட்டுக்கும் ஏலம் விடப்பட்டதல்ல. குறைந்த திறன் கொண்ட கருவிகளை அதில் இயக்க உரிமம் தேவையில்லை என்று இந்திய அரசே 2005-ஆம் ஆண்டில் அறிவித்தது. லட்சக்கணக்கான கோடி ரூபாய்க்கு அலைக்கற்றை கைமாறும் நாட்டில், மக்களுக்கென்று எஞ்சியிருக்கும் ஊர்ப் பொதுநிலம் இது.

முடக்கத்தின் கணக்கு

2019 ஆகஸ்ட் 4 இரவு காஷ்மீரில் அலைபேசி, தரைவழித் தொலைபேசி, இணையம் அனைத்தும் துண்டிக்கப்பட்டன. மறுநாள் 370-ஆவது பிரிவு செயலிழக்கச் செய்யப்பட்டது. அலைபேசிப் பேச்சுத் தொடர்பு ஒரு பகுதி மீள அக்டோபர் நடுப்பகுதி வரை ஆயிற்று. 2020 ஜனவரியில் அனுமதிக்கப்பட்ட தளங்களுக்கு மட்டும் 2ஜி இணையம் தரப்பட்டது. 4ஜி திரும்பியது 2021 பிப்ரவரி 5 அன்று. பெருந்தொற்றுக் காலத்தில் நாடெங்கும் பள்ளிகள் இணையத்திற்கு மாறியபோது, காஷ்மீரின் மாணவர்களும் மருத்துவர்களும் 2ஜி வேகத்தில் போராடிக்கொண்டிருந்தனர்.

தமிழ்நாட்டுத் தோழர்களுக்கு இது புதிதல்ல. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்பாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டதை அடுத்து, அன்றைய அதிமுக அரசு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தை முடக்கியது. சுட்டது காவல்துறை; வாயடைக்கப்பட்டது மக்கள். 2021 ஜனவரி இறுதியில் சிங்கு, டிக்ரி, காஜிப்பூர் எல்லைகளில் அமர்ந்திருந்த விவசாயிகளுக்கும் இதே தண்டனை வழங்கப்பட்டது.

இணைய முடக்கங்களைக் கணக்கிடும் 'ஆக்சஸ் நவ்' அமைப்பின் பட்டியலில் 2018 முதல் 2023 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் இந்தியா உலகில் முதலிடம் வகித்தது. 2023-இல் மட்டும் 116 முடக்கங்கள். 2024-இல் இந்தியாவின் எண்ணிக்கை 84. அவ்வாண்டு 85 முடக்கங்களுடன் இந்தியாவை முந்திய நாடு எது? ராணுவ ஆட்சியின் கீழ் உள்ள மியான்மர். 'ஜனநாயகத்தின் தாய்' என்று தன்னைத்தானே மெச்சிக்கொள்ளும் அரசு போட்டியிடுவது யாருடன் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

வெளிநாட்டு அமைப்பின் கணக்கை ஏற்க மாட்டோம் என்பர். சரி, அரசின் கணக்கு எங்கே? தகவல் தொழில்நுட்பத்திற்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2021 டிசம்பரில் அளித்த அறிக்கை, தொலைத்தொடர்புத் துறையோ உள்துறையோ இம்முடக்கங்கள் குறித்த பதிவேடு எதையும் பராமரிக்கவில்லை என்று சுட்டிக்காட்டியது. கோடிக்கணக்கான மக்களின் வாயை அடைக்கும் அரசு, எத்தனை முறை அடைத்தது என்று எழுதி வைக்கக் கூட மெனக்கெடவில்லை.

வதந்தியைத் தடுக்கவே முடக்குகிறோம் என்பது வழக்கமான வாதம். மணிப்பூர் அந்த வாதத்தைப் புதைத்துவிட்டது. 2023 மே 3 அன்று அங்கு இணையம் முடக்கப்பட்டது. மே 4 அன்று குக்கிப் பெண்கள் நிர்வாணமாக ஊர்வலம் நடத்தப்பட்ட கொடுமை நிகழ்ந்தது. அதன் காணொளி நாட்டின் கண்ணில் பட்டது ஜூலை 19 அன்று. முடக்கம் கொடுமையைத் தடுக்கவில்லை. பதினொரு வாரங்கள் மறைத்து வைத்தது. பிரதமரின் மௌனம் கலைந்தது அதற்கு மறுநாள்தான்.

"ஒளிக்க ஒன்றுமில்லாதவருக்கு அச்சம் ஏன்?"

2023 மே மாதத் தொடக்கத்தில் ஒன்றிய அரசு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் 14 செயலிகளைத் தடை செய்தது. காஷ்மீரில் பயங்கரவாதிகள் அவற்றைப் பயன்படுத்துகின்றனர் என்றும், அவற்றை நடத்துவோருக்கு இந்தியாவில் பிரதிநிதிகள் இல்லை என்றும் காரணம் கூறப்பட்டது. அந்தப் பட்டியலில் 'பிரையர்', 'எலிமென்ட்' என்ற இரு கட்டற்ற மென்பொருள்களும் இருந்தன. இவற்றின் மூல நிரலை உலகில் எவரும் படிக்கலாம், சோதிக்கலாம், திருத்தலாம். பிரையர், இணையம் இல்லாதபோது புளூடூத் வழியாகவும் வைஃபை வழியாகவும் செய்தி கடத்துவது. எலிமென்ட், 'மேட்ரிக்ஸ்' என்ற திறந்த நெறிமுறையில் இயங்குவது. பிரெஞ்சு அரசின் ஊழியர்களும் ஜெர்மன் ராணுவமும் தம் உள் தகவல் தொடர்புக்குப் பயன்படுத்துவது இதே மேட்ரிக்ஸ் நெறிமுறையைத்தான். பாரிசில் அரசு அலுவலரின் கருவி, ஸ்ரீநகரில் பயங்கரவாதியின் கருவியாகிவிடுகிறது!

பயங்கரவாதிகள் மோட்டார் சைக்கிளிலும் செல்கின்றனர். வங்கிக் கணக்கும் வைத்திருக்கின்றனர். அதற்காக மோட்டார் சைக்கிள்களைத் தடை செய்வார் இல்லை. குற்றவாளியைப் பிடிக்கப் புலனாய்வு வேண்டும். மக்கள் அனைவரையும் குற்றவாளிகளாகக் கருதுவது புலனாய்வு ஆகாது.

மக்கள் ஒளிக்கக் கூடாது என்போர் தாம் எதை வெளிப்படுத்தினர்? செய்தியாளர்கள், எதிர்க்கட்சித் தலைவர்கள், செயல்பாட்டாளர்கள் ஆகியோரின் அலைபேசிகள் பெகாசஸ் உளவு மென்பொருளுக்கு இலக்காயின என்று 2021 ஜூலையில் உலக ஊடகங்கள் கூட்டாக அம்பலப்படுத்தின. அந்த மென்பொருளை வாங்கினீர்களா இல்லையா என்ற எளிய கேள்விக்கு உச்சநீதிமன்றத்தில் கூட ஒன்றிய அரசு நேரடியாக விடையளிக்கவில்லை. இணையத்தைக் காலவரையின்றி முடக்கக் கூடாது, முடக்க ஆணைகளை வெளியிட வேண்டும் என்று அனுராதா பசின் வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஆணைகள் பலவும் இன்றுவரை மக்கள் கண்ணில் படுவதில்லை. மக்களின் வாழ்க்கை கண்ணாடியாக இருக்க வேண்டும். அரசின் கோப்புகள் இரும்புப் பெட்டியில் இருக்க வேண்டும் என்பதே இவர்களுடைய வெளிப்படைத்தன்மை.

2023 டிசம்பரில், எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த நாடாளுமன்றத்தில், தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தை அகற்றி நவீனமயமாக்குவதாகக் கூறினர். ஆனால் இடைமறிக்கவும் முடக்கவும் வெள்ளைக்காரன் வைத்திருந்த அதிகாரம் அகலவில்லை, அகலமாயிற்று. வானொலி அலை வழியாக எச்செய்தியை அனுப்பினாலும் 'தொலைத்தொடர்பு' எனக் கொள்ளும் அளவுக்கு அதன் வரையறை விரிந்துள்ளது. வலைப்பின்னல் அமைக்க அரசின் அங்கீகாரம் வேண்டும். இணைப்புப் பெற உயிரியல் அடையாளம் வேண்டும். குறியாக்கத் தரத்தை அரசே வகுக்கலாம். இந்தச் சொற்களை அரசு விரும்பியவாறு நீட்டினால், பேரணியில் அலைபேசிக்கு அலைபேசி செய்தி கடத்தும் பத்து இளைஞர்களும் 'அங்கீகாரமற்ற வலைப்பின்னல் நடத்தியோர்' ஆகிவிடுவர். நீட்ட மாட்டார்கள் என்று நம்புவதற்கு இவர்களுடைய வரலாற்றில் இடமில்லை.

"வெளிப்படையான கட்சிக்கு மறைவு எதற்கு?"

இனித் தோழர்களின் கேள்விக்கு வருவோம். கட்சியின் திட்டம் அச்சில் உள்ளது. மாநாடுகள் மேடையில் நடக்கின்றன. கொடி தெருவில் பறக்கிறது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்பதில் நேர்மை இருக்கிறது. ஆனால் கொள்கையின் வெளிப்படைத்தன்மையும் உறுப்பினரின் பாதுகாப்பும் வெவ்வேறானவை.

1929 மார்ச் 20 அன்று நாடெங்கும் தொழிற்சங்கத் தலைவர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டு மீரட்டில் சதி வழக்கு தொடரப்பட்டது. அவர்கள் குண்டு வீசவில்லை, சங்கம் கட்டினர். அரசுத் தரப்பு குவித்த சான்றுகளில் அஞ்சலில் இடைமறித்துப் பிரிக்கப்பட்ட கடிதங்கள் முக்கிய இடம் பெற்றன. அன்று உறை பிரிக்கப்பட்டது. இன்று அலைபேசி பிரிக்கப்படுகிறது. 1942-இல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தின்போது பம்பாயில் உஷா மேத்தாவும் அவருடைய தோழர்களும் இடம் மாற்றி இடம் மாற்றி நடத்திய ரகசிய வானொலியை இன்றைய ஆட்சியாளர்களும் புகழ்கின்றனர். இன்றைய இளைஞர் அதைச் செய்தால் எந்தச் சட்டம் பாயும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

ஒரு தொழிற்சாலையில் சங்கம் தொடங்க நினைக்கும் ஒப்பந்தத் தொழிலாளியை எண்ணிப் பார்க்க வேண்டும். சங்கம் பதிவு பெறும் முன்பே நிர்வாகத்தின் கையில் பெயர்ப் பட்டியல் சிக்கினால், மறுநாள் அந்தப் பெயர்களுக்கு வேலை இருக்காது. நூறு பேர் சேரும் வரை முதல் பத்துப் பேரின் பெயர் வெளியே தெரியாதிருப்பது சதியன்று, சங்கத்தின் உயிர். உணவு விநியோகத் தொழிலாளர்கள் தம் வேலைநிறுத்தத்தைத் திட்டமிடும் அதே அலைபேசியில்தான் நிறுவனத்தின் செயலியும் அவர்களுடைய நடமாட்டத்தைக் கணந்தோறும் கண்காணித்துக்கொண்டிருக்கிறது.

ரகசிய வாக்குரிமையைக் கோரியது தொழிலாளி வர்க்கம். இங்கிலாந்தின் சாசன இயக்கத்தின் ஆறு கோரிக்கைகளுள் அதுவும் ஒன்று. வாக்குச்சீட்டில் பெயர் இல்லாததால் வாக்காளரை யாரும் சதிகாரர் என்பதில்லை. பண்ணையாரும் முதலாளியும் பழிவாங்காதிருக்கவே அந்தத் திரை. வலியவர் முன் எளியவருக்குத் திரை வேண்டும். எளியவர் முன் வலியவருக்குத் திரை கூடாது. பெயர் மறைப்பு குறித்த இடதுசாரி நிலைப்பாட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

மந்திரக்கோல் எதுவுமில்லை

ஆயினும் செயலியொன்றைப் பதிந்துவிட்டால் விடுதலை வந்துவிடும் என்று நம்புவது முதலாளித்துவத்தின் மற்றொரு மாயை. ஹாங்காங்கிலும் இந்தியாவிலும் போராட்டக்காரர்கள் நம்பிய பிரிட்ஜ்ஃபை செயலியை லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரி ஆய்வாளர்கள் சோதித்து 2020 ஆகஸ்டில் முடிவை வெளியிட்டனர். பயனர்களை அடையாளம் காணலாம், யார் யாருடன் பேசுகின்றனர் என்று வரைபடம் போடலாம், செய்திகளைப் படிக்கலாம், ஒரே ஒரு நச்சுச் செய்தியால் வலைப்பின்னல் முழுவதையும் வீழ்த்தலாம் என்று அவர்கள் நிறுவினர். பாதுகாப்பு என்ற பெயரில் காவல்துறைக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தது அந்தச் செயலி.

ட்விட்டரை நிறுவியவர்களுள் ஒருவரான ஜாக் டோர்சி 2025 ஜூலையில் 'பிட்சாட்' என்ற புளூடூத் செயலியை ஆரவாரத்துடன் வெளியிட்டார். வெளியான சில நாட்களிலேயே ஒருவரைப் போல மற்றவர் வேடமிட்டு நுழைய முடியும் என்று ஆய்வாளர் ஒருவர் காட்டினார். பாதுகாப்புச் சோதனை இன்னும் நடைபெறவில்லை என்ற எச்சரிக்கையை அதன்பிறகே சேர்த்தனர். கோடீசுவரருக்கு வார இறுதிப் பொழுதுபோக்கு. நம்பிப் பயன்படுத்தும் தொழிலாளிக்கு வேலையும் விடுதலையும் பணயம்.

செயலி குறையற்றதாகவே இருந்தாலும் அது இயங்கும் நிலம் யாருடையது? ஆப்பிள், கூகுள் என்ற இரு நிறுவனங்களின் கடைகளில் இடமில்லாத செயலி பெரும்பாலோரை எட்டாது. 2019 அக்டோபரில் ஹாங்காங் போராட்டக்காரர்கள் பயன்படுத்திய வரைபடச் செயலியை, சீன அரசு ஊடகத்தின் கண்டனத்தை அடுத்து ஆப்பிள் தன் கடையிலிருந்து அகற்றியது. எந்த நாட்டு அரசாயினும், சந்தையைக் காக்க இந்நிறுவனங்கள் பணியும். ஐபோனின் கட்டுப்பாடுகளால் பிரையர் போன்ற செயலி அதில் இயங்கவே வழியில்லாத நிலையும் உள்ளது. மேலும், வலைப்பின்னல் எவ்வளவு மறைவாக இருந்தாலும் அலைபேசியே காவலரின் கையில் சிக்கினால் பயனில்லை. பீமா கொரேகான் வழக்கில் ரோனா வில்சனின் கணினிக்குள் தீநிரல் வழியாகக் கோப்புகள் திணிக்கப்பட்டிருந்தன என்று அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் 2021-இல் கூறியதை மறந்துவிடலாகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வலைப்பின்னலுக்கு ஆட்கள் வேண்டும். பத்து மீட்டருக்கு ஒரு அலைபேசி இல்லையெனில் செய்தி பாதியில் நின்றுவிடும். பெயர் தெரியாத ஒருவர் 'துப்பாக்கிச் சூடு, ஓடுங்கள்' என்று அனுப்பினால் அதை நம்புவதா? அனுப்பியவர் தோழரா, உளவாளியா என்பதைக் குறியாக்கம் சொல்லாது. நேருக்கு நேர் பழகிய, கிளைக் கூட்டத்தில் ஒன்றாக அமர்ந்த உறவு மட்டுமே சொல்லும். பிரையர் செயலி கூட, இருவர் நேரில் சந்தித்து ஒருவர் திரையை மற்றவர் ஸ்கேன் செய்து தொடர்பு ஏற்படுத்திக்கொள்வதையே உறுதியான வழியாக வைத்திருக்கிறது. தொழில்நுட்பம் கடைசியில் வந்து நிற்கும் இடம், அமைப்பு என்றோ தொடங்கிய இடம்.

செய்ய வேண்டியவை

தொழில்நுட்பத்தை யார் கட்டுகின்றனர், யார் உடைமை கொள்கின்றனர் என்பதே அடிப்படைக் கேள்வி. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு 2023 ஜூனில் தொடங்கிய கே-ஃபோன், இணையத்தை மக்கள் உரிமையாகக் கருதி அரசே கட்டமைப்பை அமைக்க முடியும் என்று காட்டியது. ஆனால் தொலைத்தொடர்பு ஒன்றியப் பட்டியலில் இருக்கும் வரை, முடக்க ஆணை வந்தால் கே-ஃபோனும் இருளும். பொதுத்துறைக் கட்டமைப்பும் வேண்டும். எந்த ஆணைக்கும் அணையாத மக்களின் வலைப்பின்னலும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றன்று.

எனவே கோரிக்கைகள் தெளிவாக முன்வைக்கப்பட வேண்டும். பிரையர், எலிமென்ட் உள்ளிட்ட கட்டற்ற மென்பொருள்கள் மீதான தடை நீக்கப்பட வேண்டும். 69ஏ ஆணைகள் காரணங்களுடன் வெளியிடப்பட வேண்டும். உரிமம் தேவைப்படாத அலைவரிசையில் மக்கள் தமக்குள் அமைத்துக்கொள்ளும் வலைப்பின்னலுக்கு எவ்வித அங்கீகாரமும் தேவையில்லை எனச் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். குறியாக்கம் செய்து பேசுவது உரிமை என்று அறிவிக்கப்பட வேண்டும். இணைய முடக்க விதிகள் ரத்து செய்யப்பட வேண்டும். இவை எட்டாக்கனி அல்ல. புதிதாக விற்கப்படும் ஒவ்வொரு அலைபேசியிலும் 'சஞ்சார் சாத்தி' செயலியைப் பதித்தே தர வேண்டும் என்று 2025 நவம்பர் இறுதியில் பிறப்பித்த ஆணையை, எழுந்த எதிர்ப்பைக் கண்டு ஒரு வாரத்திற்குள் ஒன்றிய அரசு திரும்பப் பெற்றது.

கோரிக்கை எழுப்புவதோடு கடமை முடிந்துவிடாது. இன்று கிளைக் கூட்ட அழைப்பு முதல் ஆர்ப்பாட்ட முழக்கம் வரை அனைத்தும் வாட்ஸ்அப் குழுக்களில் நடக்கின்றன. மெட்டா நிறுவனத்தின் சர்வரில் ஒரு வர்க்கப் போராட்ட இயக்கம் குடியிருக்கிறது என்பது பெருமைப்படத்தக்க செய்தியன்று. நாளை காலை விசை அணைக்கப்பட்டால் எந்தக் கிளைச் செயலாளர் எந்தத் தோழரின் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்ற ஏற்பாடு எத்தனை கிளைகளில் இருக்கிறது? மாணவர், வாலிபர் அமைப்புகள் கட்டற்ற மென்பொருள் இயக்கத் தோழர்களுடன் இணைந்து இந்தக் கருவிகளைக் கற்க வேண்டும். குறைகளைச் சோதிக்க வேண்டும். தமிழில் பயிற்சி அளிக்க வேண்டும். பேரணி நாளில் முதன்முறையாகத் திறந்து பார்க்கும் செயலி பயன்படாது. பயிற்சி முகாமில், வகுப்பில், வாசக வட்டத்தில் பழகியிருக்க வேண்டும். தேவையற்ற பெயர்ப் பட்டியல்களை அலைபேசியில் சேமிக்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். அலைபேசியே இல்லாத தோழருக்குச் செய்தி சேர்க்கும் பழைய வழியையும் மறந்துவிடக் கூடாது.

2019 டிசம்பர் 19 அன்று அலைபேசிகள் ஊமையான பிறகும் தில்லியில் முழக்கம் ஓயவில்லை. மண்டி ஹவுஸிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்குப் பதிலாக வேறு இடங்களில் மக்கள் திரண்டனர். ஆட்சியாளர்கள் அஞ்சுவது புளூடூத் அலைகளைக் கண்டு அல்ல. பத்து மீட்டருக்கு ஒருவராகத் தோளோடு தோள் நிற்கும் மக்களைக் கண்டே அவர்கள் அஞ்சுகின்றனர். அந்த வரிசையை ஒவ்வொரு கிளையிலும் கட்டுவதே முதற்பணி. அது கட்டப்பட்டுவிட்டால், செய்தி தானே வழி கண்டுகொள்ளும்.